யந்திரம் போட்ட மாம்பழம்

மூன்று பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு பெண் வரைந்த சித்திரத்தைப் போட்டியிலிருந்து தள்ளினோம். அந்த மூவரில் நானும் ஒருவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறரைத் திட்ட வந்தவன் தன் பங்கை மறைத்துக்கொண்டு திட்டினால் அதில் ருசி இருக்காது.

காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி மாதம். பிட்சாடன மூர்த்தி வீதியில் எழுந்தருளி வருவார். இரு பக்கத்து மாடிகளிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே ஆயிரம் கைகள் மேலே எழும். பிள்ளை வரம் கேட்டுக் கொடுக்கப்பெற்றவர்கள் இறைக்கிற பழம், கேட்க வந்தவர்களின் மடியில் விழும். எங்கள் நெரவியிலிருந்து காரைக்கால் கூப்பிடு தூரம்தான். ஆகையால் திருவிழாவை ஒட்டி எந்தச் சங்கம் எந்தப் போட்டி வைத்தாலும், ‘எழுத்தாளர் வந்து உட்காரட்டும்’ என்று என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். கதை எழுதுகிறவனுக்குச் சித்திரம் தெரியுமா, தெரியாதா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டுக்கொள்வதில்லை, காப்பி நன்றாக இருக்கும்.

2024-ஆம் வருஷத்துப் போட்டி அது. இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்களுக்கு. வீட்டில் வரைந்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும்; பெயர் கிடையாது, எண் மட்டும். நாற்பது, ஐம்பது படங்கள் வந்திருந்தன. பெரும்பாலானவற்றில் அம்மையார் நடுவில் நின்றார். தலைக்குப் பின்னால் சூரியன் உதித்தது. பதினேழாம் எண் படத்தில் அம்மையார் இல்லை. சுவாமியும் இல்லை. கைகள்தான் இருந்தன. கீழேயிருந்து மேலே பார்க்கிற கோணத்தில் முப்பது, நாற்பது கைகள். கண்ணாடி வளையல் போட்ட ஒரு கிழவியின் கை. நரம்பு புடைத்த ஒரு மீனவரின் கை. கடிகாரத்தைக் கழற்றாத ஒரு ஆபீஸ் கை. அவற்றுக்கெல்லாம் மேலே ஒரே ஒரு மாம்பழம் அந்தரத்தில் நின்றது. அப்பாவின் தோளில் ஏறியிருந்த குழந்தை ஒன்று மட்டும் பழத்தைப் பார்க்காமல் பலூன்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தக் குழந்தையிலேயே லயித்துவிட்டேன்.

என் பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். நல்ல மனிதர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கலசமும் வாழைப்பூவும் வரையக் கற்றுக்கொடுத்தவர். அவர் படத்தை எடுத்தார். கட்டை விரலால் தடவினார். திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“இது கையால போட்டது இல்ல சார். கம்ப்யூட்டர் போட்டது. வெறும் பிரிண்டு.”

மூன்றாமவர் தலையை ஆட்டினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் குழந்தையை விட மனமில்லை. ஆனாலும் “அப்படியா?” என்றேன். அந்த ‘அப்படியா’வோடு பதினேழாம் எண் மேஜைக்கு அடியில் போயிற்று. முதல் பரிசு ஒரு சூரியோதயத்துக்குக் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து, அந்தப் படத்தைப் போட்டவள் என் எதிர்வீட்டுப் பெண் என்று தெரிந்தது. அவளே சொல்லவில்லை. அவளுடைய பாட்டி சொன்னாள். “ஏந் தம்பி, நீங்களும் அங்கதான் இருந்தீங்களாமே? எங்க பொண்ணு ராத்திரி முழிச்சு முழிச்சுப் போட்டுச்சே. மிஷினு போட்டுதுன்னு சொல்லிட்டாங்களாமே?” என்றாள். எதிர்வீடு. தெருவின் அகலம் பன்னிரண்டு அடி. தினம் காலையில் பால் வாங்க வரும்போது அந்த முகத்தை நான் பார்த்தாக வேண்டும். மனச்சாட்சி என்பதெல்லாம் பெரிய வார்த்தை. சில சமயம் தெரு குறுகலாக இருப்பதே போதும்.

மறுநாள் போனேன். அந்த யந்திரத்தைக் காட்டச் சொன்னேன்.

பாட்டிக்கு அதன் பெயரில் இன்னும் குழப்பம் தீரவில்லை. டேப்லட் என்றால் எங்கள் ஊரில் மாத்திரை. ‘மூவாயிர ரூவாய்க்கு டேப்லட்டு வாங்கித் தரணும்’ என்று பேத்தி அடம்பிடித்தபோது, பெண்ணுக்கு ஏதோ சீக்கு என்று கிழவி பயந்துபோனாளாம். ஆகையால் நானும் அதைப் பலகை என்றே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துச் சிலேட்டைவிட மெல்லிசாக, கறுப்பாக ஒரு பலகை. ஒரு பேனா. பலகையிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. பேனாவில் மையில்லை; அவள் வைத்திருந்த ஜாதிப் பேனாவில் பாட்டரிகூட இல்லை. பலகைக்குள் மெல்லிய கம்பிகள் வலைபோல ஓடுகின்றன. அவை எழுப்புகிற காந்த அலையைப் பேனாவுக்குள் இருக்கிற சின்னச் சுருள் வாங்கித் திருப்பி அனுப்புகிறது. அதிலிருந்து பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதெல்லாம் பலகைக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வித்தையைப் பிரபலமாக்கியது வாகொம் என்கிற ஜப்பானியக் கம்பெனி, 1983-இல் ஆரம்பித்தது. இப்பொழுது சீனத்துப் பலகைகள் மலிவாக வருகின்றன. அழுத்தத்தில் 8192 படிகள் உண்டு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. அத்தனை படிகளை எந்த விரல் அறியும் என்பது வேறு விஷயம். லேசாகத் தொட்டால் கோடு மயிரிழை, அழுத்தினால் தடிப்பு. அவ்வளவுதான்.

“நீங்களும் போட்டுப் பாருங்க தாத்தா” என்றாள் அந்தப் பெண். குரலில் விஷமம் இல்லை, இருந்திருந்தால் நியாயம்தான்.

நான் உட்கார்ந்தேன். ஒரு மாம்பழம் போடலாம் என்று நினைத்தேன். மாம்பழத்தைவிடச் சுலபமான வடிவம் உலகத்தில் உண்டா? கை பலகையில், கண் எதிரே திரையில். கை ஓர் அங்குலம் போனால் திரையில் கோடு மூன்று அங்குலம் பாய்ந்தது. மூக்கை வளைக்கப் போனேன், வால் வந்தது. மூடலாம் என்று போனேன். கோடு வேறெங்கோ போய் முட்டிற்று. கால்மணி நேரத்துக்குப் பின் திரையில் இருந்ததைப் பார்த்துவிட்டுப் பாட்டி, “கத்திரிக்கா நல்லாருக்கு தம்பி” என்றாள்.

நீதிபதிகளாகிய எங்களை நான் கேட்கிறேன்: யந்திரம்தான் வரைகிறது என்றால், எனக்கு ஏன் அது வரைந்து கொடுக்கவில்லை? அதே பலகை, அதே பேனா, அதே கம்ப்யூட்டர். அவளுக்கு நாற்பது கைகளைப் போட்டுக் கொடுத்த யந்திரத்துக்கு என்மேல் என்ன விரோதம்? நாலு மாதம் அவள் வெறும் வட்டம் மட்டும் போட்டுப் பழகினாளாம். வட்டம், நேர்கோடு, வட்டம், நேர்கோடு. கண் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலுமாக இருந்து பழக அவ்வளவு காலம் ஆகிறது. எங்கள் தஞ்சை ஜில்லா வட்டாரத்தில் இதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டியதில்லை. நாயனக்காரர் துளைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டா வாசிக்கிறார்? விரல் உலவின் மேலே. கண் சுவாமியின் மேலே, அல்லது முன்வரிசைப் பண்ணையார்மேலே. ‘குழல்தான் வாசிக்கிறது, அவர் சும்மா ஊதுகிறார்’ என்று யாராவது சொன்னால் சன்னிதித் தெருவில் அடி விழும்.

‘கையில் போடுவது ஓரிடம், தெரிவது வேறிடம், இது என்ன ஓவியம்?’ என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்கள் சோழமண்டலக் கரையில் பிறந்தவர்கள் என்பதுதான் எனக்குத் தாளவில்லை. கலம்காரி என்ற பெயரில் கலம் என்பதே எழுதுகோல்தான். கும்பகோணத்துப் பக்கம் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இன்றைக்கும் துணியில் எழுதுகிறார்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மூங்கில் குச்சி, நுனிக்குச் சற்று மேலே துணியோ மயிரோ சுற்றிய ஒரு குமிழ். குமிழில் சாயம் ஊறியிருக்கும். விரலால் பிழிந்தால் அதிகம் இறங்கும்; தளர்த்தினால் குறையும். அழுத்தத்தைக் கொண்டு கோட்டை ஆளுகிற சாமர்த்தியம் ஜப்பானியர் கண்டுபிடித்ததா, நம்முடைய பாட்டன்மார் கண்டுபிடித்ததா?

அதைவிட வேடிக்கை வேறு. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் எழுதினால், சாதாரணமாக இருந்த நீர் துணியில் பட்டதும் கறுக்கிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தடவுகிறார்கள். அப்பொழுது அங்கே சிவப்பே தெரியாது. துணியைச் சாயவேரோடு போட்டுக் காய்ச்சி எடுத்தால்தான், படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து எழும். ஆக, எழுதுகிறபோது கைக்கு எதிரே தெரிவது ஒன்று; முடிவில் துணியில் நிற்பது ஒன்று. இடையில் ரசாயனம் வேலை செய்கிறது. இந்தத் துணிகளுக்குப் பிரான்சு தேசமே பைத்தியம் பிடித்து அலைந்தது. உள்ளூர் நெசவுக்காரர்கள் கூச்சல் போட்டு, 1686-இல் அரசாங்கம் அவற்றுக்குத் தடை போட்டது. 1759 வரையில் தடை இருந்தது. தடையிருந்த காலத்திலேயேதான், 1739-இல், அதே பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை வந்து பிடித்தார்கள். ‘இதைக் கடுக்காய்தான் வரைந்தது’ என்று மட்டும் அவர்கள் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

போகட்டும், துணி பழைய கதை. பத்திரிகைச் சித்திரத்துக்கு வருவோம். தொடர்கதை படித்து வளர்ந்தவர்கள்தானே நாம்? 1950-லிருந்து 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாரம் தவறாமல் வந்தபோது மணியத்தின் சித்திரங்களுக்காகக் காத்திருந்த வீடுகள் எத்தனை! வந்தியத்தேவன் என்றால் இன்றைக்கும் நமக்கு முன்னால் நிற்பது மணியம் ஏற்றிவைத்த குதிரைதான். ஆனால் அந்த வாசகர்களில் எத்தனை பேர் மணியத்தின் தூரிகை பட்ட காகிதத்தைக் கண்ணால் கண்டார்கள்? அந்தக் காலத்து முறையில் சித்திரத்தைப் புகைப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, திராவகத்தில் அரித்து, பிளாக் செய்து, மை தடவி, மலிவுக் காகிதத்தில் அடிப்பார்கள். வாசகர் கைக்கு வந்தது வெறும் பிரிண்டுதான். டிராயிங் மாஸ்டர் அதைத் தடவிப் பார்த்திருந்தாலும் முகர்ந்து பார்த்திருந்தாலும் அச்சு மை வாசனைதான் வந்திருக்கும். அதைக் கத்தரித்து எடுத்து, நூல் போட்டுத் தைத்து, பைண்டு செய்து பரணில் வைத்த வீடுகளில் அவர் வீடும் ஒன்று. எனக்குத் தெரியும், நானே இரவல் வாங்கியிருக்கிறேன்.

தஞ்சாவூர்க்காரர் கோபுலுவை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்து வலக்கை ஓய்ந்துபோனபோது அவர் இடக்கையால் போடப் பழகிக்கொண்டார். கோட்டில் அதே குறும்பு. சித்திரம் வலக்கையில்தான் இருந்தது என்றால் அது எப்படி இடக்கைக்கு வந்து சேர்ந்தது? கை மாறினால்கூடக் கலைஞன் மாறுவதில்லை என்று கண்டுவிட்ட நாம், பேனா மாறியதற்கு இவ்வளவு ஆகாத்தியம் செய்கிறோம்.

கம்ப்யூட்டரைத் தூரிகையாக எடுத்துக்கொண்டவர்கள் நம்மிடமே உண்டு. டிராட்ஸ்கி மருது தமிழ்ப் பத்திரிகைச் சித்திரக்காரர்களில் அந்த விஷயத்தில் முன்னோடி. அவருடைய கோட்டைப் பார்த்தால், காகிதமா திரையா என்பதற்கு முன் ‘இது மருது’ என்றுதான் தெரியும். இங்கிலாந்தில் டேவிட் ஹாக்னி, எழுபது வயதைத் தாண்டிய பின் ஐபேடில் போட ஆரம்பித்தார். 2020-இல் கொள்ளை நோய்க்குப் பயந்து உலகம் கதவை மூடிக்கொண்டிருந்தபோது, எண்பத்திரண்டு வயதில், பிரான்சில் நார்மண்டியில் இருந்துகொண்டு வசந்தகாலம் வருவதைத் தினம் தினம் ஐபேடிலேயே வரைந்தார். 2021-இல் லண்டன் ராயல் அகாடமியில் அவற்றை மாட்டி வைத்தார்கள். நம்முடைய மூன்று பேர் நடுவர் குழு அங்கே போயிருந்தால் நூற்றுக்கு மேற்பட்ட படங்களையும் மேஜைக்கு அடியில் தள்ளியிருக்கும்.

இந்தப் பலகை ஏதோ நேற்று முளைத்த மாயம் என்பதும் பிசகு. பேனாவின் அசைவைக் கம்பி வழியே அனுப்பி வேறோர் இடத்தில் எழுதவைக்கும் கருவிக்கு எலிஷா கிரே என்ற அமெரிக்கர் 1888-லேயே பேடன்ட் வாங்கிவிட்டார். கம்ப்யூட்டரோடு சேர்ந்த பலகை 1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் வந்தது. பத்து அங்குலச் சதுரத்தில் பத்து லட்சம் புள்ளிகளை அது அடையாளம் கண்டுகொண்டது. மனிதனுக்குக் கம்ப்யூட்டரோடு பட்டன் தட்டிப் பேசி அலுத்துப்போய், ‘ஒரு பேனாவைக் கொடு, எழுதிக் காட்டுகிறேன்’ என்று கேட்டதன் விளைவு இது. கையை ஒதுக்குவதற்காகச் செய்ததல்ல. கையை உள்ளே விடுவதற்காகச் செய்தது.

எதிர்க்கட்சி சொல்வதில் ஒன்றும் இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். ஒன்று இருக்கிறது. ‘அழிக்கிற வசதி அதிகம்’ என்கிறார்கள். வாஸ்தவம். ஒரு விசையைத் தட்டினால் போட்ட கோடு போடாததாகிவிடுகிறது. பத்திரிகைச் சித்திரக்காரர்கள் தப்பான கோட்டின்மேல் வெள்ளை பூசித் திருத்தியதும், துண்டுக் காகிதம் ஒட்டி மறைத்ததும் உண்டு. நான் ஒரு பக்கம் எழுத நாலு பக்கம் கிழிக்கிறேன். ஆகையால் திருத்துவது பாவமல்ல. ஆனால் வெள்ளை பூச ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தில், ‘இந்தக் கோணல் இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று தோன்றக்கூடும். விசைக்கு அந்த நிமிஷம் இல்லை. அந்தப் பெண் போட்ட வேறு சில படங்களைக் காட்டினாள். அறுபது தடவை அழித்துப் போட்ட ஒரு முகம் வழவழவென்று, சலூனிலிருந்து நேரே வந்ததுபோல் இருந்தது. கோட்டின் நடுக்கத்தை யந்திரமே சமன்செய்து கொடுக்கிற ஒரு வசதியும் இருக்கிறதாம். “அதை அணைச்சுடு” என்றேன். “அணைச்சுட்டுத்தான் தாத்தா அந்தக் கையெல்லாம் போட்டேன்” என்றாள். பெரியவர்கள் புத்திமதி சொல்லப் போனால் இப்படித்தான், அவர்கள் ஏற்கெனவே செய்து முடித்திருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு, மூலப்படம் என்று ஒன்று இல்லை. காகிதம் எரிந்தால் சாம்பலாவது மிஞ்சும். கம்ப்யூட்டரின் வட்டு கெட்டுப்போனால் ஒன்றுமே மிஞ்சாது. ஒரு மழைக்காலத்து மின்வெட்டில் அவளுக்கு ஆறு மாத வேலை போய்விட்டது. இதை நான் குறை என்றுதான் சொல்வேன். ஆனால் குறை வேறு, குற்றம் வேறு. எங்கள் டெல்டாவில் ஓலைச்சுவடியைச் செல்லரித்தது. அதற்காக ஓலையில் எழுதியதெல்லாம் கவிதை அல்ல என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால், நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாவல் எழுதப் போயிருப்பேன். முடியவில்லை. 2025-இல் அதே சங்கத்தார் திருவிழாவுக்கு ஒரு சுவரொட்டி போட்டார்கள்.

பேருந்து நிலையத்தில் அதைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. அம்மையார் சினிமாக் கதாநாயகிபோல் நின்றார். பின்னால் கோபுரம், அதன் உச்சியில் காசியிலோ குஜராத்திலோ இருக்கவேண்டிய சிகரம். கையில் மாம்பழம், ஆப்பிள் பழத்துக்கு மஞ்சள் அடித்ததுபோல். பழத்தை ஏந்திய கையில் விரல்களை எண்ணினேன். ஆறு. பஸ் வந்துவிட்டது, இல்லாவிட்டால் இன்னொரு கையையும் எண்ணியிருப்பேன்.

விசாரித்தேன். யாரும் வரையவில்லையாம். ‘அம்மையார், மாம்பழம், கோவில்’ என்று தட்டினார்களாம். அரை நிமிஷத்தில் வந்துவிட்டதாம். “செலவே இல்ல சார்!” என்று சங்கத்தில் பூரித்துப்போனார்கள். யாரும் தடவிப் பார்க்கவில்லை. யாரும் முகரவில்லை. ‘கையால் போட்டதா?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று மாத ராத்திரிகள் முழித்து ஒரு பெண் போட்ட நாற்பது கைகளை யந்திரம் போட்டது என்று தள்ளியவர்கள், யந்திரம் போட்ட ஆறு விரலை அம்மையாரின் திருக்கரம் என்று ஊரெல்லாம் ஒட்டினார்கள்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவர்களுக்கு யந்திரத்தின்மேல் வெறுப்பு என்று நினைத்தேன், இல்லை. யந்திரத்தைக் கையாளுகிற மனிதக் கைக்குத்தான் கூலியும் பெயரும் கொடுக்க மனமில்லை. கை இருக்கிற இடத்தில் ‘யந்திரம்’ என்று சொன்னால் பரிசு மிச்சம். யந்திரம் இருக்கிற இடத்தில் ‘சித்திரம்’ என்று சொன்னால் கூலி மிச்சம். இரண்டு பக்கமும் லாபம்.

அந்த அரை நிமிஷப் படம் எங்கிருந்து வருகிறது? ஆகாயத்திலிருந்து அல்ல. இணையத்தில் கிடக்கிற படங்களைக் கோடிக்கணக்கில் அள்ளி அந்த யந்திரங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். 2022-இல் வெளியான லயான் என்கிற ஒரு தொகுப்பில் மட்டும் ஐந்நூறு கோடிக்கு மேற்பட்ட படங்களுக்கான முகவரிகள் இருந்தன. போட்டவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அதே 2022-இல் அமெரிக்காவில் கொலராடோ மாகாணச் சந்தையில், இப்படித் தட்டி வரவழைத்த ஒரு படம் டிஜிட்டல் ஓவியப் பிரிவில் முதல் பரிசே வாங்கிற்று. பலகையில் கை நோகப் போடுகிறவர்களும் வார்த்தையைத் தட்டி வரவழைக்கிறவர்களும் ஒரே கூடையில்! 2025 மார்ச்சில் இன்னொரு கூத்து: ஜப்பானில் கிப்லி ஸ்டூடியோக்காரர்கள் வருஷக்கணக்கில் கையால் போட்டுப் போட்டு உண்டாக்கிய பாணியில், எங்கள் தெருவிலேயே நாலு வீட்டுக் கல்யாணப் போட்டோக்கள் ஒரே ராத்திரியில் மாறிவிட்டன. அழகாகத்தான் இருந்தது. திருடிய நகையும் கழுத்துக்கு அழகாகத்தான் இருக்கும்.

மறுபக்கத்தில், நன்றாகப் போட்டவர்களுக்கு வருகிற அவதூறு இது முதல் தடவையல்ல. கும்பகோணத்துச் சித்திரக் கல்லூரியில் படித்த இளையராஜா, 2021-இல் கொரோனாவுக்குப் பலியானார். அவர் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய நம் ஊர்ப் பெண்களைப் பார்த்துவிட்டு, ‘போட்டோதானே?’ என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! ஜன்னல் வெளிச்சம் ஒரு பெண்ணின் கன்னத்தில் விழுவதை அப்படிப் பார்ப்பதற்கு ஒரு மனிதனால் முடியும் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. நேற்றுப் போட்டோ என்றார்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டர் என்கிறார்கள்.

‘அப்படியானால் எதை எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று சங்கத்தார் என்னையே கேட்டார்கள். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்றேன். பலகையில் போடுகிறவர்கள் கோட்டுப்படம் ஓர் அடுக்கு, நிழல் ஓர் அடுக்கு, வர்ணம் ஓர் அடுக்கு என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுகிறார்கள். அந்த அடுக்குகள் கோப்பில் அப்படியே இருக்கும். பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கிரிட்டா என்று இலவசமாகவே ஒரு மென்பொருள் இருக்கிறது. அவள் உபயோகிப்பது அதுதான். வரைகிறபோதே முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை அதில் பதிவு செய்துகொள்ளலாம். அல்லது எதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் வரையச் சொல்லுங்கள். அதையும் காகிதத்தில் போட்டவர்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள். அந்தச் சூரியோதயத்தை எந்த அண்ணன் போட்டுக் கொடுத்தானோ, யார் கண்டது? சுவரொட்டி வேண்டுமா, வரைகிறவரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். மூலையில் பெயரைப் போடுங்கள். பேசிக்கொண்டே போனேன். காப்பி வரவில்லை.

எழுதுகிற ஜாதிக்கும் ஒரு வார்த்தை. போன வருஷம் என் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு ஒரு பதிப்பகத்தார் அட்டைப்படம் அனுப்பினார்கள். வயல், மாலைச் சூரியன், ஒற்றைப் பெண். பெண்ணின் நிழல் ஒரு பக்கமும் மரத்தின் நிழல் எதிர்ப்பக்கமும் விழுந்திருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். “அது ஃபிரீ சார்” என்றார்கள். என் கதைகளையும் அப்படியே தட்டி வரவழைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரச் சற்று நேரமாயிற்று. அந்த நேரம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. கடைசியில் அட்டை மாறியது. என் கையெழுத்துக் காசிலிருந்து பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அவள் நாற்று முடிச்சைப் பிடித்த இரண்டு கைகளைப் போட்டுக் கொடுத்தாள். கை போடுவதில் அவளுக்கு ஏதோ பித்து.

டிராயிங் மாஸ்டரை நான் அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். இழுத்துக்கொண்டு போனேன் என்பதே சரி. ஏறுகிறபோதே, “காகித வாசனை இல்லாம என்ன சார் டிராயிங்கு?” என்றார். பலகையைத் தட்டிப் பார்த்தார். அந்தப் பெண் மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவர் உள்ளங்கையில் கவிழ்த்தாள். பேனாவிலிருந்து கழற்றிய பழைய முனைகள், பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேய்ந்து, உளி மாதிரி இருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “நீ பென்சிலை ரொம்பச் சாய்ச்சுப் பிடிக்கிறே. யாரும்மா கத்துக்குடுத்தா?” என்றார்.

“யாரும் இல்ல சார்.”

“அதான் தெரியுதே.”

அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவை விரல்களுக்குள் வைத்து எடைபார்த்தார். திரையின் ஓரத்தில் பென்சில் வகைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “இதுல சிக்ஸ் பி எங்கே இருக்கு?” என்று கேட்டார். நானும் பாட்டியும் திண்ணைக்கு வந்துவிட்டோம். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் உள்ளேயிருந்து, “அழிக்காதே! அழிக்காதே! இருக்கட்டும் விடு!” என்று அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.